ஓட்டு வீட்டில் கூடுவாய் மூலை இற்றுப் போயிருக்கிறது: இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா?

மாரண்டஅள்ளி மகன் | மார்ச் 2

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு மாரண்டஅள்ளியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். தாத்தா கட்டியது. மண் சுவர், மேலே சீமை ஓடு. அம்மா மட்டும் அங்கே இருக்கிறார்கள். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போய்வருவேன்.

வீடு 'ட' எழுத்து போல இருக்கும். கூடம் ஒரு பக்கம், சமையல்கட்டு ஒரு பக்கம். இரண்டு கூரையும் சேர்கிற உள்மூலையில், கூடுவாயில், இரண்டு வருடமாக ஒழுகுகிறது. அம்மா அங்கே ஒரு குண்டான் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள், என்னிடம் சொல்லவில்லை. போன மாதம் பார்த்தால் ஓட்டு வரிசை அந்த இடத்தில் ஒரு சாண் பள்ளமாக இறங்கியிருக்கிறது. உள்ளே சுண்ணாம்புச் சுவரில் கறுப்பாக ஒரு கோடு தரை வரைக்கும் வந்திருக்கிறது. பரணில் ஏறிப் பார்த்தேன். காளான் வாடை. கைமரத்தை, அதாவது கூரையைத் தாங்குகிற சாய்வுச் சட்டத்தை, கையால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிர்கிறது.

ஊர் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் சரிவராது, மொத்தத்தையும் இடித்துவிட்டு கான்கிரீட் போடு, ஆறு லட்சம் ஆகும் என்கிறார். அம்மாவுக்கு அதில் சம்மதம் இல்லை. எனக்கும் அவ்வளவு பணம் இல்லை. இற்றுப்போன அந்த மூலையை மட்டும் சரி செய்ய முடியுமா? செய்தால் எத்தனை வருடம் தாங்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம் பூபதி | மார்ச் 2

மேஸ்திரி சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். நாங்களும் ஓட்டு வீட்டை வைத்துக்கொண்டு வருடா வருடம் ஓடு மாற்றி, ஓடு மாட்டுகிற ரீப்பர்ச் சட்டம் மாற்றி, கடைசியில் 2019-ல் இடித்துவிட்டோம். இன்றைக்கு ஓடு வேயத் தெரிந்த ஆளைத் தேடுவதே பெரிய வேலை. ஒருமுறை செலவு செய்தால் நிம்மதி. இந்த வருடம் இந்த மூலை என்றால் அடுத்த வருடம் அடுத்த மூலை.

ஓசூர் சிவில் | மார்ச் 3

பூபதி அண்ணா சொல்வதில் ஆள் கிடைக்காத கஷ்டம் உண்மை. ஆனால் இந்த வீட்டுக்கு அந்த யோசனை பொருந்தாது. மண் சுவர் என்று எழுதியிருக்கிறார். நாலு அங்குல கான்கிரீட் ஒரு சதுர அடிக்கு 23 கிலோ எடை. சீமை ஓடும் மரமும் சேர்ந்தால் ஏறக்குறைய 6 கிலோ. அந்தச் சுவர் இத்தனை வருடம் சுமந்ததைப் போல நாலு மடங்கை ஒரே நாளில் தலையில் வைக்கிறோம். அப்படியென்றால் சுவரையும் அஸ்திவாரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதற்குப் பெயர் புது வீடு, கூரைப் பழுது இல்லை. ஆறு லட்சத்தில் அது முடியாது.

தம்பி, நீங்கள் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மரம் இற்றது ஒரு விஷயம், தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்பது வேறு விஷயம். இரண்டாவதைக் கண்டுபிடிக்காமல் முதலாவதை மாற்றினால் ஐந்து வருடத்தில் புது மரமும் அதே கதிக்கு வரும். மரத்தை இற்கவைப்பது பூஞ்சை. காய்ந்த மரத்தில் அது வளராது. மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே ஈரம் இருந்தால் அந்த மரம் நூறு வருடமும் நிற்கும்.

கூடுவாய் எப்போதுமே கூரையின் பலவீனமான இடம். இரண்டு பக்கத் தண்ணீரும் அங்கேதான் வருகிறது. அதோடு கூரையின் சரிவை விடக் கூடுவாயின் சரிவு குறைவு. கூரை 30 பாகை சரிந்திருந்தால் கூடுவாய் 22 பாகைதான் சரியும். தண்ணீர் கூடுதல், ஓட்டம் மெதுவு. அங்கே என்ன போட்டிருக்கிறார்கள்? தகரமா, ஓட்டையே வெட்டி சிமெண்டு பூசியிருக்கிறார்களா? படம் இருந்தால் போடுங்கள். பக்கத்தில் மரம் ஏதாவது இருக்கிறதா?

மாரண்டஅள்ளி மகன் | மார்ச் 3

அண்ணா, ஆமாம், கொல்லையில் பெரிய புளியமரம் இருக்கிறது. ஒரு கிளை சமையல்கட்டு மேலேயே வந்திருக்கிறது.

கூடுவாயில் பழைய தகரம் இருக்கிறது, துரு ஏறி சல்லடையாகிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் ஒழுகியபோது ஒரு கொத்தனார் தகரத்தை மாற்றாமல் அதன் இரண்டு ஓரத்திலும் ஓட்டோடு சேர்த்து சிமெண்டுக் கலவை வைத்து அடைத்துவிட்டுப் போனார். அப்போது சில வருடம் ஒழுகவில்லை, நல்ல வேலை என்று நினைத்தோம்.

பழைய ஆசாரி | மார்ச் 4

தம்பி, நான் காவேரிப்பட்டணம். நாற்பது வருடம் மர வேலை பார்த்தேன், இப்போது பையன் பார்க்கிறான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த சிமெண்டுதான் உங்கள் மரத்தைத் தின்றது.

ஓடு வெயிலில் ஒரு அசைவு அசையும், மரம் ஒரு அசைவு அசையும். சிமெண்டு அசையாது. அதனால் முடி அளவுக்கு விரிசல் விடும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது, கலவை தடுத்துக்கொண்டிருக்கும். மழை நின்று நாலு நாள் ஆனாலும் உள்ளே ஈரம் காயாது. இதில் புளிய இலை வேறு. மாவிலை, வேப்பிலை என்றால் காற்றுக்குப் பறந்துவிடும். புளிய இலை பொடிப்பொடியாக ஓட்டுக்கு அடியில் நுழைந்து ஈரச் சாக்கு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பார்த்திருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பரணில் ஏறுங்கள். இற்ற இடத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு கைமரம் விடாமல் அரை அடிக்கு ஒரு தட்டு தட்டுங்கள். நல்ல மரம் கணீர் என்று பேசும், கெட்டது பொத்தென்று இருக்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்துங்கள். நுனி கால் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் மரம் நன்றாக இருக்கிறது. இறங்கினால் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு அடி தள்ளித்தான் வெட்ட வேண்டும், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டியும் போயிருக்கும்.

எதனால் கெட்டது என்றும் பாருங்கள். மரம் கட்டம் கட்டமாக வெடித்துக் கரி மாதிரி உடைந்தால் அது ஈரத்தால் வந்தது. உள்ளே மண் இருந்தால் கரையான். மாவு கொட்டி, குண்டூசி ஓட்டை இருந்தால் வண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கிருஷ்ணகிரி கலா | மார்ச் 5

தம்பி, பரணில் ஏறுமுன் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டு இடுக்கில் தேள் நிச்சயம் இருக்கும். எங்கள் மாமனார் வீட்டில் ஓடு பிரித்தபோது ஒரே நாளில் ஏழு தேள் கிடைத்தது. வெளவால் புழுக்கை கிடந்தால் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. யாராவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் பாதிக் கூரையை அப்படி மாற்றினோம். சித்திரை மாதத்தில் மதியம் அந்த அறையில் யாரும் உட்கார முடியாது. ஓடு இருக்கிற பாதியில் மாமியார் நன்றாகத் தூங்குவார். வெயிலாவது போகட்டும், அதை வெட்டும்போது வருகிற தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், வருடக்கணக்கு கழித்துப் புற்றுநோயாக வரும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெட்டும்போது என் பிள்ளைகள் கீழே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது ஆறவில்லை. ஏற்கெனவே யார் வீட்டிலாவது இருந்தால் உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றுங்கள்.

மாரண்டஅள்ளி மகன் | மார்ச் 9

ஆசாரி ஐயா, நீங்கள் சொன்னபடி இன்று தட்டிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஆனது.

கூடுவாய்க் கைமரம் 14 அடி நீளம், ஆறுக்கு மூன்று அங்குலம். சுவரில் உட்காருகிற முனையில் இரண்டரை அடி சுத்தமாகப் போய்விட்டது, கட்டம் கட்டமாக உடைகிறது. அதற்கு மேலே நாலு அடி வரைக்கும் ஸ்க்ரூ டிரைவர் அரை அங்குலம் இறங்குகிறது. கூடுவாயில் வந்து சேர்கிற குட்டைக் கைமரங்களில் நாலின் அடிமுனை ஒரு அடி போயிருக்கிறது, மேலே கணீரென்று இருக்கிறது. ரீப்பர் எட்டு, ஒன்பது மாற்ற வேண்டும். வீட்டின் மற்ற மரம் எல்லாம் வேம்பு, ஒரு குறையும் இல்லை.

கூடவே கரையானும் இருக்கிறது. சுவர் மூலையில் பென்சில் அளவுக்கு மண் குழாய் ஒன்று தரையிலிருந்து மேலே போகிறது. அதை உடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஓசூர் சிவில் | மார்ச் 9

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். வீடு முழுக்க மரம் நன்றாக இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய செய்தி. இடிக்கிற பேச்சை இனி விட்டுவிடலாம்.

உடைத்த குழாயை அடுத்த வாரம் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் கரையான் உயிரோடு நடமாடுகிறது. ஈர மரம் அதற்கு விருந்து. கூரையில் மருந்து அடித்துப் பயனில்லை, அது மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறி வருகிறது. சுவர் அடியில் இரண்டு பக்கமும் மண்ணில் மருந்து இறக்க வேண்டும், அதற்குப் பழக்கப்பட்ட ஆளையே கூப்பிடுங்கள். சுவர் பக்கத்தில் குடிக்கிற தண்ணீர்க் கிணறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்தப் பக்கம் மருந்து இறக்கக் கூடாது.

கைமர விஷயத்தில் என் யோசனை: கூடுவாய்க் கைமரத்தில் கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் புதுச் சட்டம் வைத்து இணைக்கலாம். நல்ல மரத்தின் மேல் குறைந்தது நாலு அடியாவது படிய வேண்டும். 12 மில்லி போல்ட், மேலும் கீழுமாக மாற்றி மாற்றி ஆறு. பெரிய வாஷர் போடாமல் முடுக்கினால் போல்ட் மரத்துக்குள் புதைந்துவிடும். முழு மரம் வாங்குகிற செலவு மிச்சம்.

பழைய ஆசாரி | மார்ச் 10

சிவில் தம்பி சொல்வது சாதாரணக் கைமரத்துக்குச் சரி. அந்தக் குட்டைக் கைமரம் நாலுக்கும் அப்படியே செய்யுங்கள், பக்கத்தில் ஒரு சட்டம் வைத்து மூன்று அடி படியவிட்டு இணைத்தால் போதும். கூடுவாய்க் கைமரத்துக்கு நான் ஒப்ப மாட்டேன்.

காரணம் சொல்கிறேன். இரண்டு கூரையின் பாரமும் அந்த ஒரே மரத்தில் இறங்குகிறது. 14 அடியில் ஆறரை அடி சந்தேகம் என்றால் பாதி மரம் போச்சு என்று அர்த்தம். இன்னொன்று, அதன் இரண்டு பக்கமும் குட்டைக் கைமரம் வந்து உட்கார வேண்டும். அங்கே பக்கச் சட்டமும் போல்ட் தலையும் இருந்தால் எதைச் செதுக்கி எங்கே உட்காரவைப்பது? எப்படியும் ஓடு பிரிக்கத்தான் போகிறோம். பிரித்த பிறகு முழு மரம் மாற்றுவதற்கு அரை நாள்தான் கூடுதல்.

பச்சை மரம் வாங்காதீர்கள். வேம்பு நல்ல மரம்தான், கசப்புக்குப் பூச்சி கிட்டே வராது, ஆனால் நேற்று வெட்டியதை இன்று ஏற்றினால் மூன்று மாதத்தில் முறுக்கிக்கொள்ளும், ஓடெல்லாம் வாய் திறக்கும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இடித்த வீட்டு மரம் விற்கிற பழைய மரக்கடைகள் இருக்கின்றன. அங்கே போய் வேங்கையோ தேக்கோ, நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த மரமாகப் பாருங்கள். ஓரத்தில் வெளிர் நிறமாக இருக்கிற பகுதி சீக்கிரம் கெடும், அது அதிகம் உள்ள மரம் வேண்டாம். தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஓசூர் சிவில் | மார்ச் 10

ஐயா, குட்டைக் கைமரம் உட்காருகிற இடத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வதே சரி. முழு மரமாகவே மாற்றட்டும்.

பென்னாகரம் பூபதி | மார்ச் 11

எல்லோரும் இவ்வளவு சொல்வதால் நானும் ஒன்று சொல்கிறேன். புது மரத்துக்குப் பழைய எஞ்சின் ஆயில் அடிக்கலாமே? மெக்கானிக் கடையில் சும்மாவே கிடைக்கும். எங்கள் வீட்டில் வேலிக் கம்புக்கெல்லாம் அதைத்தான் அடித்தோம்.

கிருஷ்ணகிரி கலா | மார்ச் 11

வேலிக் கம்புக்கு அடியுங்கள் அண்ணா, படுக்கிற அறைக்கு மேலே வேண்டாம். எங்கள் மாமனார் அடித்தார், ஒரு வருடம் அந்த வாடை போகவில்லை. வெயில் ஏறினால் சொட்டு சொட்டாக இறங்கி வெள்ளைச் சுவரெல்லாம் கோடு. மேல் தோல் கறுப்பாகப் பளபளவென்று இருக்கும், உள்ளே பழையபடி இற்றுக்கொண்டிருந்தது.

ஓசூர் சிவில் | மார்ச் 12

வீட்டுக்குள் பாதுகாப்பாக அடிக்க போரிக் ஆசிட்டும் வெண்காரமும் நல்லது. 10 லிட்டர் வெந்நீரில் போரிக் ஆசிட் 200 கிராம், வெண்காரம் 300 கிராம் கரைத்து, பிரஷ்ஷால் மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. பூஞ்சை, கரையான், வண்டு மூன்றையும் தடுக்கும். மரத்தின் வெட்டுமுனைதான் தண்ணீரை உறிஞ்சுகிற வாய். அதனால் முனைகளை ஒரு வாளியில் அதே கரைசலில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். மழை நேராகப் படுகிற இடத்தில் இது கரைந்து போய்விடும், ஓட்டுக்குள் இருக்கிற மரத்துக்கு மட்டும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், கலக்கும்போது கையுறை அவசியம்.

பழைய ஆசாரி | மார்ச் 12

எங்கள் காலத்தில் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் அடிப்போம், கரையான் தொடாது. ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். தெரியாதவர்கள் தொட வேண்டாம், தம்பி சொன்ன மருந்தே போதும்.

அப்புறம் முக்கியமான விஷயம், சுவரில் மரம் உட்காருகிற இடம். அந்தக் காலத்தில் மண் சுவரிலேயே குழி வெட்டி, கைமர முனையை உள்ளே விட்டு, சுற்றிலும் மண் அடைத்துவிடுவார்கள். மண் ஈரத்தை இழுத்து மரத்துக்குக் கொடுக்கும், கரையானுக்கும் அது நேர் வழி. நம் ஊரில் கல்லுக்குப் பஞ்சமா? வேலிக்கு நடுகிற மாதிரிக் கற்பலகையில் ஒரு அடி துண்டு வாங்கி, சுவர்த்தலையில் மட்டமாகப் படுக்கவைத்து, அதன் மேல் கைமரத்தை உட்காரவையுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் காலியாக இருக்கட்டும். காற்று போய்வர வேண்டும். கொத்தனார் பார்த்தவுடன் அந்த இடைவெளியைக் கலவையால் அடைக்கக் கை நீட்டுவார், நிற்கவைத்துத் தடுங்கள்.

அரூர் ஓட்டுக்காரர் | மார்ச் 14

இந்த இழையை என் மகள் வாசித்துக் காட்டினாள். நான் ஓடு வேய்கிறவன், மகள் தட்டச்சு செய்கிறாள். ஓடு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன்.

சீமை ஓடு எல்லாம் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் ஆரம்பித்த பிறகு எத்தனையோ கம்பெனிகள் வந்துவிட்டன, ஒவ்வொன்றின் பூட்டும், அதாவது ஓடும் ஓடும் கோக்கிற விளிம்பும், கொஞ்சம் மாறும். பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய், புது ஓட்டோடு பூட்டிப் பார்த்து வாங்குங்கள். பூட்டு சேரவில்லை என்றால் எவ்வளவு நல்ல ஓடாக இருந்தாலும் காற்று மழையில் ஒழுகும். இடித்த வீட்டு ஓடு கிடைத்தால் இன்னும் நல்லது, நிறமும் ஒத்துப்போகும். விரலால் சுண்டிப் பாருங்கள், சத்தம் தெளிவாக வந்தால் விரிசல் இல்லை.

ரீப்பர் இடைவெளியைப் பழைய ஆணித் தழும்பைப் பார்த்து அடிக்கக் கூடாது. இரண்டு ஓட்டைப் பூட்டித் தரையில் வைத்து, மூக்கிலிருந்து (ரீப்பரில் மாட்டுகிற முனை) மூக்குக்கு அளந்து அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை அங்குலத்துக்குப் பக்கத்தில் வரும்.

பிரிக்கும்போது முகட்டிலிருந்து கீழே வர வேண்டும், வேயும்போது இறவாரத்திலிருந்து மேலே போக வேண்டும். கூடுவாய்க்கு இரண்டு பக்கமும் ஐந்து அடி பிரித்தால் போதும், ஆனால் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் பாரம் இருந்து மறுபக்கம் காலியானால் மரம் ஒருசாய்ந்துவிடும். இறக்கிய ஓட்டைப் படுக்கையாக அடுக்காதீர்கள், நிற்கவைத்து அடுக்குங்கள்.

கூடுவாய்த் தகரம் இரண்டு அடி அகலமாவது வேண்டும். இரண்டு ஓரத்தையும் முக்கால் அங்குலம் மேலே மடித்துவிட வேண்டும், அப்போதுதான் வேகமாக வருகிற தண்ணீர் எதிர்ப் பக்கம் ஏறி உள்ளே விழாது. தகரத்தில் ஒட்டு வந்தால் மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் அரை அடி ஏற வேண்டும். நடுவில் ஆணி அடிக்கவே கூடாது, மடித்த ஓரத்தில் மட்டும். ஓடுகளை வெட்டும்போது நடுவில் ஐந்து அங்குலம் திறந்த வாய்க்கால் இருக்கட்டும். குறுக்கினால் புளிய இலை அடைத்துக்கொள்ளும். சிமெண்டு பற்றி ஆசாரி அண்ணன் சொல்லிவிட்டார்.

கிருஷ்ணகிரி கலா | மார்ச் 14

வேலை ஆட்கள் மேலே ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டச் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள், பழக்கம்தான் என்பார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு ஏறி, இற்ற ரீப்பர் மேல் கால் வைத்து உள்ளே விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்து இரண்டு வருடம் படுக்கை. கூலி கொடுக்கிறவர் கறாராகச் சொன்னால்தான் கட்டுவார்கள். ஏணியைக் கூரை மேல் படுக்கவைத்து அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள், ஓடும் உடையாது.

மாரண்டஅள்ளி மகன் | மார்ச் 15

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கீழே இறங்கிவிட்ட இடத்தை எப்படித் தூக்குவது? பள்ளம் ஒரு சாண் இருக்கிறதே.

பழைய ஆசாரி | மார்ச் 15

ஓடு பிரித்த பிறகு தூக்குங்கள், பாரத்தோடு தூக்க வேண்டாம். கெட்ட மரத்துக்கு முட்டுக் கொடுத்தால் முட்டு உள்ளே குத்திக்கொண்டு போய்விடும், அதனால் பக்கத்தில் இருக்கிற நல்ல கைமரங்களுக்குக் குறுக்கே ஒரு கனமான சட்டம் வைத்து, அதற்கு அடியில் ஜாக்கி வையுங்கள். ஜாக்கிக்குக் கீழே பலகை போடாமல் வைத்தால் தரை உடையும். ஒரேயடியாக ஏற்றாதீர்கள். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். பழைய கூரை இத்தனை காலம் அந்தப் பள்ளத்துக்கே பழகியிருக்கும், அவசரப்படுத்தினால் சுவரில் வெடிப்பு விழும். கடைசி ஒரு அங்குலம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

சித்திரை பிறந்தால் கோடை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

மாரண்டஅள்ளி மகன் | ஏப்ரல் 6

வேலை முடிந்தது. நாலு நாள் ஆனது, இடையில் ஒரு நாள் மேகம் கட்டியதால் தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்திவிட்டோம்.

தர்மபுரியில் பழைய மரக்கடை ஒன்றில் வேங்கைக் கைமரம் 15 அடி கிடைத்தது. ஆணி பிடுங்கவே அரை நாள். போரிக் ஆசிட் கரைசலில் முனைகளை ஊறவைத்தேன். வீட்டில் இருந்த பெரிய வாளி போதாமல் அம்மா கேழ்வரகு கொட்டிவைக்கிற பழைய டிரம்மைக் கொடுத்தார்கள், அதை இனி தானியத்துக்கு வைக்கக் கூடாது என்று தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

பழைய தகரத்தைப் பெயர்த்தபோது எல்லோரும் நின்று பார்த்தோம். சிமெண்டுக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்குப் புளிய இலை மக்கி, கையில் எடுத்தால் பிழிகிற அளவுக்கு ஈரம். மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆசாரி ஐயா, நீங்கள் சொன்ன வார்த்தை அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அந்தக் கொத்தனார் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒழுகுவதை நிறுத்தத்தான் அவரும் பார்த்தார். ஆனால் அன்றைக்கே தகரத்தை மாற்றியிருந்தால் இந்த மரம் போயிருக்காது.

எதிர்பாராத ஒன்றும் வந்தது. சுவர்த்தலையில் மரம் உட்கார்ந்த குழியைச் சுரண்டினால் இரண்டு அடி ஆழத்துக்குக் கரையான் புற்று. அந்த மூலையை மட்டும் பிரித்து, செங்கல் வைத்துக் கட்டி, மேலே கற்பலகை போட்டோம். பள்ளத்தைத் தூக்கியதில் முக்கால் அங்குலம் மிச்சம் நின்றது, விட்டுவிட்டோம். கீழிருந்து பார்த்தால் தெரியவில்லை.

மரம், தகரம், 60 ஓடு, கூலி, கரையான் மருந்து எல்லாம் சேர்த்து 43,000 ஆனது.

பென்னாகரம் பூபதி | ஏப்ரல் 7

படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது தம்பி. எங்கள் வீட்டையும் இப்படித் தட்டிப் பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எங்கள் சித்தப்பா வீடு இன்னும் ஓடுதான், இந்த ஞாயிறு நானே ஏறிப் பார்க்கப் போகிறேன்.

மாரண்டஅள்ளி மகன் | மே 11

நேற்று ராத்திரி நல்ல கோடை மழை, முக்கால் மணி நேரம். அம்மா போன் செய்தார்கள். கூடுவாயில் ஒழுகவில்லை, ஆனால் அதற்கு ஒரு அடி தள்ளி, சமையல்கட்டுப் பக்கம், சொட்டு சொட்டாக விழுகிறதாம். குண்டானைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார்கள். மரம் நனைகிறதே என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அரூர் ஓட்டுக்காரர் | மே 11

பயப்பட வேண்டாம். வெட்டிய ஓடு ஏதோ ஒன்று குட்டையாகி, மடித்த ஓரத்தைத் தாண்டாமல் நிற்கிறது. அதில் ஓடுகிற தண்ணீர் தகரத்துக்குள் விழாமல் மடிப்புக்கு வெளியே விழுகிறது. பகலில் பரணிலிருந்து பாருங்கள், வெளிச்சக் கீற்று தெரிகிற ஓடுதான். அதை எடுத்துவிட்டு, மடிப்பைத் தாண்டி மூன்று அங்குலமாவது உள்ளே நீட்டுகிற மாதிரி வெட்டிய வேறு ஓடு வையுங்கள். அங்கே துண்டு ஓடு வைக்காதீர்கள், நழுவிவிடும். முழு ஓட்டிலிருந்து வெட்டுங்கள். ரீப்பரில் மூக்கு மாட்டவில்லை என்றால் சின்ன ஓட்டை போட்டுக் கம்பியால் கட்டலாம்.

மாரண்டஅள்ளி மகன் | மே 18

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே ஒரே ஒரு ஓடு. கீழிருந்து நாலாவது வரிசை. மாற்றிவிட்டேன். மேலே குடத்தால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், சொட்டு இல்லை.

கிருஷ்ணகிரி கலா | ஜூலை 20

தம்பி, புளியமரத்தை என்ன செய்தீர்கள்? வெட்டிவிட்டீர்களா?

மாரண்டஅள்ளி மகன் | ஜூலை 27

இல்லை அக்கா. அம்மா ஒப்பவில்லை, வருடத்துக்கு வீட்டுக்கும் அக்காக்களுக்கும் போதுமான புளி அதில்தான் வருகிறது. கூரை மேல் வந்த கிளையை மட்டும் வெட்டினோம். மாதம் ஒருமுறை மேலே ஏறி, நீளக் கம்பில் கட்டிய சீமாறால் கூடுவாயைக் கூட்டிவிடுகிறேன். இன்று ஆடி 18-க்கு முன் ஒருமுறை என்று கூட்டினேன், அரை மூட்டை சருகு வந்தது. அடியில் தகரம் காய்ந்து கிடந்தது. பரணில் ஏறிக் கைமர முனையைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் காய்ந்துதான் இருக்கிறது.